எலியின் ஒரு சொட்டு ரத்தத்தில் இன்சுலினைத் தேடுவது

எலியின் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் தொட்டால், சில விநாடிகளில் சர்க்கரை அளவு திரையில் வந்துவிடும். வீட்டில் அப்பாவுக்குப் பார்க்கிறோமே, அதே மாதிரி மீட்டர்தான். பல ஆய்வகங்களில் எலிக்கும் அதையே வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொட்டிலேயே இன்சுலினும் இருக்கிறது. பிறகு இன்சுலினுக்கு மட்டும் ஏன் அப்படியொரு மீட்டர் இல்லை? அதை அளக்க ஏன் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கிட், அரை நாள் வேலை என்று இவ்வளவு வேண்டியிருக்கிறது?

முதல் காரணம் அளவு. பட்டினியில் இருக்கும் ஆரோக்கியமான எலியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். இன்சுலின் பெரும்பாலும் ஒரு நானோகிராமுக்குக் கீழேதான். அதாவது சர்க்கரையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அதோடு, இன்சுலின் ஒரு புரதம். அது மிதக்கும் சீரமோ (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவம்) புரதக் குழம்பு. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. எடைக் கணக்கில் ஆறு கோடிக்கு ஒன்று. தமிழ்நாட்டு ஜனம் மொத்தத்தையும் ஒரே திடலில் நிறுத்திவிட்டு, அதில் ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடி என்று சொன்ன கதைதான். புரதம் எல்லாம் ஒரே வகை அமினோ அமிலங்களால் ஆனது என்பதால் அந்தக் கோடிக்கணக்கான பேரும் ஒரே சீருடையில் வேறு நிற்கிறார்கள்.

அப்படிப்பட்ட கூட்டத்தில் ஆளைப் பிடிக்க, அவர் முகம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். முகம் தெரிந்தவர் என்று இங்கே சொல்வது எதிர்ப்பொருளை. ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆன்டிபாடி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பொருளை அதற்கான ஆன்டிபாடியைக் கொண்டு பிடித்து அளக்கும் முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் இம்யூனோஅஸே.

இது வருவதற்கு முன்னால் இன்சுலினை அளக்க உயிருள்ள பிராணி ஒன்று வேண்டியிருந்தது. 1920களில் இன்சுலின் மருந்தாக வந்த புதிதில் அதன் 'யூனிட்' என்பதையே முயலை வைத்துத்தான் வரையறுத்தார்கள். பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு, அதாவது டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு, இறக்க எவ்வளவு இன்சுலின் தேவை என்று பார்த்தார்கள். பின்னால் எலியின் உதரவிதானத் தசையை வெட்டி எடுத்து, சீரத்தில் ஊறவைத்து, அது எவ்வளவு குளுக்கோஸை இழுக்கிறது என்று கணக்கிடும் முறை வந்தது. எலியின் கொழுப்புத் துண்டை வைத்தும் செய்தார்கள். இன்சுலின் செய்கிற வேலையைப் பார்த்து இன்சுலினை மதிப்பிடும் வழிகள் இவை. சீரத்தில் இன்சுலின் மாதிரியே வேலை செய்யும் மற்றப் பொருள்களும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும் என்பதுதான் கோளாறு.

இந்த நிலைமையை மாற்றியவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்த ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர். யாலோ அணு இயற்பியல் படித்தவர், பெர்சன் டாக்டர். யாலோவின் முதல் ஆய்வகம், துப்புரவுச் சாமான் வைக்கும் சிறு அறையைக் காலி செய்து கொடுத்த இடம். அவர்கள் இம்யூனோஅஸேயைத் தேடிப் போகவே இல்லை என்பதுதான் இதில் சுவாரசியம். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய்க்குக் காரணம், 'இன்சுலினேஸ்' என்ற நொதி இன்சுலினை மளமளவென்று சிதைத்துவிடுவதுதான் என்று ஆர்தர் மிர்ஸ்கி என்பவர் சொல்லியிருந்தார். (இந்த நொதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் சோதனைக் குழாய்க்குள்ளேயே வந்து நிற்கப் போகிறது.) அது உண்மையா என்று பார்க்க, கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினை ஊசியில் ஏற்றி, ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக மறைகிறது என்று கவனித்தார்கள். நேர் எதிராக நடந்தது. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களின் ரத்தத்தில் அது மெதுவாகத்தான் மறைந்தது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது. ஊசியில் வந்த மாட்டு, பன்றி இன்சுலினுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடிதான் அது.

இவ்வளவு சின்னப் புரதத்துக்கு உடம்பு ஆன்டிபாடி உண்டாக்காது என்று அப்போதைய பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள். கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். 1956இல் அது வெளியானபோது தலைப்பில் 'இன்சுலின் ஆன்டிபாடி' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டியிருந்தது. அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் பரிசு வாங்கியபோது உரையில் எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972லேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பரிசில் பங்கில்லை. இருவரும் தங்கள் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று எந்த ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் தைராய்டு ஹார்மோன் பார்க்க முடிகிறதென்றால் அதற்கும் வேர் அங்கேதான்.

அவர்களுடைய முறையின் சூட்சுமம் எளிது. நம் ஊர் பஸ்ஸை வைத்தே சொல்லலாம். ஒரு பஸ்ஸில் 50 இருக்கைகள். சிவப்புத் துண்டு போட்ட 50 பேரை நாமே தயார் செய்து ஏற்றிவிடுகிறோம். வேறு யாரும் ஏறாவிட்டால் 50 பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது துண்டு இல்லாத சாதாரணப் பயணிகள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நமக்குத் தெரியாது, அவர்களை எண்ணவும் முடியாது. ஆனால் உட்கார்ந்திருப்பவர்களில் சிவப்புத் துண்டுகளை மட்டும் எண்ணலாம். 40 சிவப்பு இருந்தால் கூட்டம் குறைவு. 10 மட்டும் இருந்தால், மீதி இடங்களைச் சாதாரணப் பயணிகள் பிடித்துவிட்டார்கள், கூட்டம் அதிகம். இருக்கைதான் ஆன்டிபாடி, சிவப்புத் துண்டு கதிரியக்க அயோடின், சாதாரணப் பயணி நம் மாதிரியில் இருக்கும் இன்சுலின். இதற்கு ரேடியோ இம்யூனோஅஸே, சுருக்கமாக ஆர்.ஐ.ஏ. என்று பெயர். இதில் சிக்னல் குறையக் குறைய இன்சுலின் கூடுதல் என்று பொருள். புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

கதிரியக்கப் பொருளைக் கையாள உரிமம் வேண்டும், கழிவை அகற்றத் தனி ஏற்பாடு வேண்டும். அதனால் 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் இருவரும் (அதே காலத்தில் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும்) கதிரியக்கத்துக்குப் பதில் நிறம் உண்டாக்கும் நொதியை ஒட்டினார்கள். அதுதான் எலைசா. இன்று எலி இன்சுலினுக்கு வாங்கும் கிட்களில் பெரும்பாலானவை எலைசாதான், அதிலும் 'சாண்ட்விச்' வகை. இதில் இருக்கைப் போட்டி கிடையாது. தட்டின் அடியில் ஒட்டவைத்த முதல் ஆன்டிபாடி இன்சுலினை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். நொதி ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி வந்து இன்னொரு பக்கம் பிடிக்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே நேரத்தில் சிக்கினால்தான் கணக்கு. அதனால் வேறு புரதம் உள்ளே நுழைவது கஷ்டம். இங்கே நிறம் கூடக் கூட இன்சுலினும் கூடுதல், புரிந்துகொள்ளச் சுலபம்.

சரி, எலிக்கு என்ன தனிச் சிறப்பு? மனித இன்சுலின் கிட்டையே எலிக்கும் போட்டால் என்ன?

மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்: ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. எலியிலும் அதே 51தான், ஆனால் நான்கு இடங்களில் எழுத்து மாறியிருக்கிறது. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஆன்டிபாடி முழு மூலக்கூறையும் பார்ப்பதில்லை, ஒரு ஓரத்தை மட்டும்தான் பிடிக்கிறது. மாறிய எழுத்து அந்த ஓரத்தில் இருந்துவிட்டால் முகமே மாறிப்போன மாதிரிதான். இதற்கு மேல் இன்னொரு விசேஷம்: நமக்கு இன்சுலின் மரபணு ஒன்று, எலிக்கும் சுண்டெலிக்கும் இரண்டு. ஆகவே எலி ரத்தத்தில் இன்சுலின் 1, இன்சுலின் 2 என்று இரண்டு வகை ஓடுகிறது. பி சங்கிலியின் 9வது இடத்திலும் 29வது இடத்திலும் மட்டும் இரண்டும் வேறுபடும். நல்ல எலி கிட் என்றால் இரண்டையும் சரிசமமாகப் பிடிக்க வேண்டும். கிட்டோடு வரும் தாளில் 'குறுக்கு வினை' என்ற பொருளில் ஒரு அட்டவணை இருக்கும். எலி இன்சுலின் 1, 2, மனித இன்சுலின், புரோஇன்சுலின், சி-பெப்டைடு ஒவ்வொன்றையும் அந்த ஆன்டிபாடி எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று போட்டிருப்பார்கள். (புரோஇன்சுலின் என்பது இன்சுலினாக வெட்டப்படும் முன்னுள்ள நீள இழை, சி-பெப்டைடு அதிலிருந்து கழலும் துண்டு; கடைசியில் மறுபடி வரும்.) கிட் வாங்கும் முன் விலைக்கு அடுத்து படிக்க வேண்டியது அந்த அட்டவணைதான். என்னைக் கேட்டால் விலைக்கும் முன்னால்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படிக்கிற காலத்தில் கிட் வாங்கப் பணம் இல்லாமல், எலிகளின் சீரத்தை வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். அங்கே இருந்தது மனித ரத்தத்துக்கான தானியங்கி இயந்திரம். 20 மாதிரிகளுக்கும் ஒரே பதில் வந்தது: அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழே. நன்றாகத் தின்று கொழுத்த எலிக்கும் அதே பதில், கணையம் கெட்ட எலிக்கும் அதே பதில். இயந்திரத்தின் மேல் தப்பே இல்லை. அதன் ஆன்டிபாடிக்கு எலியின் இன்சுலினைத் தெரியாது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கும் இன்னொரு கொறிணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஐ.ஏ. கிட்களில் ஆன்டிபாடி பெரும்பாலும் கினிப் பன்றியிடமிருந்து வரும். கினிப் பன்றியின் இன்சுலின் மற்றப் பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து ரொம்பவே விலகியது. அதனால் மாட்டு இன்சுலினையோ பன்றி இன்சுலினையோ அதற்குள் செலுத்தினால் அதன் உடம்பு அந்நியன் வந்துவிட்டான் என்று எகிறி, வலுவான ஆன்டிபாடியை உண்டாக்கித் தருகிறது.

இனி வேலைக்கு வருவோம். இன்சுலின் எண் தவறாகப் போவது தட்டில்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தவறுகள் ரத்தம் எடுக்கும்போதே நடந்து முடிந்துவிடுகின்றன.

எலி இரவுப் பிராணி. ராத்திரி முழுக்கத் தின்றுவிட்டுப் பகலில் தூங்கும். நமக்குச் சொல்வது போல 'ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் தராதீர்கள்' என்று எலிக்குச் செய்தால், அது சாப்பிடுகிற நேரம் பார்த்துச் சட்டியை எடுத்த மாதிரி. உடல் எடையே குறைந்துவிடும். அதனால் காலையில் உணவை எடுத்துவிட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதைப் பலர் விரும்புகிறார்கள். இரவு முழுதும் பட்டினி போட்டும் செய்கிறார்கள். எதைச் செய்தாலும் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி, ஒரே மணிக்குச் செய்ய வேண்டும். முதல் எலிக்குப் பத்து மணிக்கும் கடைசி எலிக்கு இரண்டு மணிக்கும் எடுத்துவிட்டு, மருந்து தராத கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையிலும் சிகிச்சைக் குழுவை மதியமும் முடித்திருந்தால், அங்கே அளக்கப்பட்டது மருந்தா மணியா என்று பிரிக்க வழியே கிடையாது.

அடுத்தது பயம். எலியைப் பழக்காமல் திடீரென்று பிடித்துக் குழாய்க்குள் திணித்தால் அட்ரினலின் ஏறும். அட்ரினலின் கணையத்தின் பீட்டா செல்களை இன்சுலின் விடாதே என்று அடக்கிவிடும். ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். மயக்க மருந்து கொடுத்தால் தொல்லை தீர்ந்ததா? கெட்டமினோடு சேர்த்துத் தரும் சைலசின், பீட்டா செல்லில் அட்ரினலின் தொடும் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது. இன்சுலின் இறங்கும், சர்க்கரை ஏறும். விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அந்த எலி சர்க்கரை நோயாளியாகவே தெரியும். ஆகவே ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கையில் எடுத்துப் பழக்குவது வெறும் ஜீவகாருண்யம் என்று நினைத்துவிடாதீர்கள், அளவீட்டின் ஒரு பகுதி அது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இந்த வேலை எதையும் தொடங்கக் கூடாது என்பது தெரிந்ததுதான்.

எவ்வளவு ரத்தம் எடுக்கலாம்? எலியின் மொத்த ரத்தம் கிலோவுக்கு ஏறக்குறைய 64 மில்லிலிட்டர். 250 கிராம் எலி என்றால் 16 மில்லிலிட்டர். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வழக்கம். எலைசாவுக்கு அவ்வளவு தேவையும் இல்லை; குழிக்கு 5 அல்லது 10 மைக்ரோலிட்டர் சீரம் போதும் என்கிற கிட்கள் இருக்கின்றன. வாலிலிருந்து 150 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் 60, 70 மைக்ரோலிட்டர் சீரம் தேறும், தாராளம். ஒரே எலியிடம் வாரம் விட்டு வாரம் எடுத்து மாற்றத்தைப் பார்க்க முடிவது இந்தச் சிக்கனத்தால்தான்.

ஆனால் அந்த 150 மைக்ரோலிட்டரை எப்படி எடுக்கிறோம் என்பதில் ஒரு வம்பு இருக்கிறது. ரத்தம் வரவில்லை என்று வாலை மேலிருந்து கீழாகப் பசுவின் மடி மாதிரி கறந்தால் சிவப்பணுக்கள் உடையும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்ததும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், மோசமென்றால் நன்னாரி சர்பத். அந்தச் சிவப்பில் ஹீமோகுளோபின் மட்டும் இல்லை. சிவப்பணுவுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. மிர்ஸ்கியின் இன்சுலினேஸ் என்று மேலே சொன்னோமே, அதேதான். சர்க்கரை நோய்க்குக் காரணம் அதுவே என்று மிர்ஸ்கி சொன்னது நிலைக்கவில்லை, ஆனால் நம் மாதிரியைக் கெடுக்க அது தாராளமாகப் போதும். சிவப்பணு உடைந்த சீரத்தை அறை வெப்பத்தில் மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் இன்சுலினில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும்.

நான் முதன்முதலில் எடுத்த ஒரு தொகுதி இப்படித்தான் போனது. கை பழகாததால் முதல் பத்து எலிகளுக்குக் கறந்து எடுத்தேன், பிறகு வாலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் தானாக வரும் என்று மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். தட்டைப் படித்தபோது முதல் பத்து எலிகளின் இன்சுலின் எல்லாம் குறைவு, பிந்தியவை எல்லாம் அதிகம். முதல் பத்தும் கட்டுப்பாட்டுக் குழு. கொடுத்த மருந்து இன்சுலினைக் கூட்டிவிட்டது என்று அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்.

ஆகவே ரத்தம் குழாய்க்கு வந்ததும் பனிக்கட்டியில் வைக்க வேண்டும், தாமதிக்காமல் குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். ரத்தத்தை உறையவிடாமல் பிளாஸ்மாவாக எடுப்பதென்றால் ஈடிடிஏ குழாய் இன்னும் நல்லது. இந்த நொதி துத்தநாகத்தை நம்பி வாழ்வது, ஈடிடிஏ அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிரித்த சீரத்தைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பங்கிட்டு உறைய வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் உருக்கி மறுபடி உறைய வைக்க வேண்டியிருக்காது.

இப்போது தட்டு. 12 நிரல், 8 வரிசை, 96 குழிகள். எல்லாக் குழியும் எலிக்குக் கிடைக்காது. அளவு தெரிந்த இன்சுலின் கரைசல்களை, அதாவது ஸ்டாண்டர்டுகளை, பூஜ்யத்தையும் சேர்த்து எட்டு படிகளில் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு குழி, ஆக 16. தரம் பார்க்கும் கன்ட்ரோல் இரண்டு, அதற்கு 4 குழி. மீதி 76. எலி மாதிரியையும் இரண்டிரண்டாக வைத்தால் ஒரு தட்டுக்கு 38 எலி. 40 எலி வைத்து ஆய்வைத் திட்டமிட்டுவிட்டு ஒரே ஒரு கிட் வாங்குபவர்கள் இந்தக் கணக்கைக் கடைசி நாளில்தான் போடுவார்கள்.

ஸ்டாண்டர்டையும் சீரத்தையும் குழியில் விட்டு, நொதி ஒட்டிய ஆன்டிபாடியைச் சேர்த்து, ஆட்டும் மேடையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைக்கிறோம். பிறகு கழுவுதல். பிடிபடாத எல்லாமே இந்த இடத்தில் வெளியேற வேண்டும். ஐந்தாறு தடவை கழுவி, தட்டைக் கவிழ்த்து, மடித்த டிஷ்யூ பேப்பரில் டப் டப்பென்று தட்டுவோம். பார்க்க முரட்டு வேலை மாதிரி இருக்கும், ஆனால் எலைசாவில் கைத்திறன் என்று ஒன்று உண்டென்றால் பாதி இதில்தான் இருக்கிறது. மிச்சம் வைத்தால் வெற்றுக் குழிகூட நிறம் காட்டும்.

அடுத்து டிஎம்பி என்ற நிறமற்ற திரவம். நொதி இருக்கும் குழிகள் மெல்ல நீலமாகத் தொடங்கும். எத்தனை முறை செய்தாலும் இந்தக் கால் மணி நேரம் அலுக்காது. மேல் மூலையில் அதிக ஸ்டாண்டர்டு குழி முதலில் நீலமாகும், அப்புறம் அடுத்தது, ஒரு படிக்கட்டு மாதிரி நிறம் இறங்கி வரும். எலிகளின் பக்கம் திட்டுத்திட்டாக. கடிகாரம் காட்டியதும் அமிலம் விட்டு நிறுத்துவோம், நீலம் அத்தனையும் மஞ்சளாகிவிடும். அதை 450 நானோமீட்டர் ஒளியில் இயந்திரம் படிக்கும்.

இயந்திரம் தருவது இன்சுலின் அளவு கிடையாது, நிறத்தின் அடர்த்தி எண் மட்டுமே. ஸ்டாண்டர்டுகளின் நிறத்தை அவற்றின் தெரிந்த அளவோடு வைத்து ஒரு வளைகோடு வரைந்து, எலி மாதிரியின் நிறம் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து அளவைப் படிக்கிறோம். நேர்கோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். கீழேயும் மேலேயும் கோடு வளைந்து படுத்துவிடும் என்பதால், எஸ் எழுத்து வடிவில் வளைந்து செல்லும் நான்கு அளபுருச் சமன்பாட்டைத்தான் பெரும்பாலும் மென்பொருளில் தேர்ந்தெடுப்பார்கள்.

இரண்டு குழிகள் எதற்கு என்றால், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. 1.02, 1.08 என்று வந்தால் சராசரி எடுக்கலாம். 1.02, 1.60 என்று வந்தால் சராசரி எடுக்கவே கூடாது. எங்கேயோ பிப்பெட் தவறியிருக்கிறது, அந்த எலியைத் திரும்பப் போட வேண்டும்.

கோட்டுக்கு வெளியே விழும் மாதிரிகள் தனித் தலைவலி. சக்கர் எலி என்று ஒரு குண்டு எலி வகை உண்டு. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனின் ஏற்பி கெட்டுப்போனதால் ஓயாமல் தின்னும், அதன் ரத்தத்தில் இன்சுலின் சாதாரண எலியைப் போலப் பல மடங்கு. ஸ்டாண்டர்டின் உச்சி 10 நானோகிராம் என்றால் அது உச்சிக்கு மேலே போய் உட்காரும். கோட்டைக் கையால் நீட்டி '28 இருக்கும்' என்று சொல்லக் கூடாது. கிட்டின் கரைப்பானில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டி, 3.1 வந்தால் 31 என்று எழுத வேண்டும். இடையில் கழுவாமல் எல்லாவற்றையும் ஒன்றாக விடும் சாண்ட்விச் முறையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். இன்சுலின் அளவுக்கு மீறி இருந்தால் முதல் ஆன்டிபாடியை ஒரு கூட்டமும் இரண்டாவதை வேறொரு கூட்டமும் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆன்டிபாடியும் ஒரே இன்சுலினில் சந்திக்கவே சந்திக்காது. நிறம் குறைந்துவிடும். ரொம்ப அதிகம் என்பது குறைவு மாதிரித் தெரியும். இதை ஹூக் விளைவு என்பார்கள். கணையத்தையே அரைத்து அமில ஆல்கஹாலில் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்போது ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்துப் போடுவது இதற்கும் சேர்த்துத்தான்.

மறு கோடியில் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலி. நம் ஊர்க் கல்லூரிகளில் மூலிகைச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் அடிக்கடி வருவது விஸ்டார் என்ற ஆய்வக எலி வகையும் இந்த மருந்தும்தான். இது பீட்டா செல்களுக்குள் குளுக்கோஸ் போகும் கதவு வழியாகவே நுழைந்து அவற்றைக் கொல்கிறது. அந்த எலியின் இன்சுலின், கோட்டின் அடிப்படிக்கும் கீழே விழும். அங்கே '0' என்று எழுதுவது பிழை, 0.03 என்று கோட்டை நீட்டி எழுதுவதும் பிழை. கிட் அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே என்று எழுதுவதே நேர்மை.

அலகு பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி சண்டை தீராது. ஒரு கட்டுரை நானோகிராமில் சொல்லும், இன்னொன்று பிக்கோமோலில், மூன்றாவது மைக்ரோ யூனிட்டில். எலி இன்சுலினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 5800. ஆகவே மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 172 பிக்கோமோல். யூனிட் என்பது மனித இன்சுலின் மருந்துக்கான கணக்கு, மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோ யூனிட் என்பது லிட்டருக்கு 6 பிக்கோமோல் என்று வைத்து மாற்றினால் அதே 1 நானோகிராம் மில்லிலிட்டருக்குச் சுமார் 29 மைக்ரோ யூனிட் ஆகிறது. எலிக்கு யூனிட்டில் சொல்வதற்கு உண்மையில் அர்த்தம் இல்லை. ஆனாலும் சொல்கிறார்கள், ஏனென்றால் ஹோமா சூத்திரத்துக்கு அது வேண்டும்.

ஹோமா என்பது இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியாமல் இருக்கிறது என்பதை, மதிப்பிட 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் மனிதர்களுக்காக உருவான கணக்கு. பட்டினிச் சர்க்கரையை மில்லிமோலிலும் இன்சுலினை மைக்ரோ யூனிட்டிலும் பெருக்கி 22.5ஆல் வகுக்க வேண்டும். அந்த 22.5 எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான மனிதரின் இன்சுலின் 5, சர்க்கரை 4.5, பெருக்கினால் 22.5. ஆக நல்ல மனிதருக்கு விடை 1. இப்போது நல்ல எலியைப் போட்டுப் பாருங்கள்: இன்சுலின் 0.7 நானோகிராம், அதாவது 20 மைக்ரோ யூனிட், சர்க்கரை 5.5. விடை ஏறக்குறைய 5. மனிதக் கணக்குப்படி இந்த எலி கடுமையான இன்சுலின் எதிர்ப்பில் இருக்கிறது. உண்மையில் அது கூண்டில் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஆய்வுக்குள், ஒரே கிட்டில் அளந்த இரண்டு எலிக் குழுக்களை ஒப்பிட இந்த எண் உதவலாம். எலியின் ஹோமா மனித எல்லையைத் தாண்டிவிட்டது என்று எழுதினால் அது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

கடைசியாக ஒரு சிக்கல், அடிக்கடி கேட்கப்படுவது. ஆய்வில் ஒரு குழுவுக்கு ஒப்பீட்டுக்காக இன்சுலின் ஊசி போடுகிறார்கள். முடிவில் அந்தக் குழுவின் இன்சுலின் அளவு உயர்ந்திருக்கிறது. கணையம் மீண்டுவிட்டதா? எலி கிட்டின் ஆன்டிபாடி மனித இன்சுலினையும் பிடிக்கக்கூடியதாக இருந்தால், அது அளந்தது நாம் ஊசியில் ஏற்றியதையே. இங்கே கேட்க வேண்டியது சி-பெப்டைடை. புரோஇன்சுலின் என்ற நீள இழையை வெட்டி இன்சுலின் உண்டாகும்போது நடுவிலிருந்து கழன்று விழும் துண்டு அது. கணையம் ஒரு இன்சுலினை விட்டால் கூடவே ஒரு சி-பெப்டைடையும் விட்டாக வேண்டும், ஊசி மருந்திலோ அது கிடையாது. ஆகவே இன்சுலின் கூடி சி-பெப்டைடு கூடாமல் இருந்தால் அது மருந்துப் பாட்டிலிலிருந்து வந்த இன்சுலின். இரண்டும் கூடியிருந்தால் கணையத்திலிருந்து. எலிக்கு இன்சுலின் மரபணு இரண்டு என்பதால் சி-பெப்டைடும் இரண்டு வகை. அந்தக் கிட்டை வாங்கும்போதும் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அதே குறுக்கு வினை அட்டவணையைத்தான்.